வெயில் நிறைந்த வன்னியில் விற்றமின் டி: தட்டில் எவ்வளவு, குளிசையில் எவ்வளவு?

திருவலையில் இருந்து தேங்காய் திருவி முடித்த அறுபது வயது அம்மா ஒருவர் எழும்புவதைப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையால் தொடையை அழுத்தி, இடுப்பைப் பாதி தூக்கியபின் சற்று நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிமிர்வார். கேட்டால் "நாரி உளைவு, வயது போட்டுது, வேறென்ன" என்பார். வயதும், வயலில் குனிந்து செய்த வேலையும், மூட்டுத் தேய்வும் உண்மையான காரணங்களாக இருக்கலாம். எனினும் தொடைத் தசை பலமிழப்பதும், எலும்பை அழுத்தினால் உள்ளே வலிப்பதும், இருந்த இடத்திலிருந்து எழும்பச் சிரமப்படுவதும் விற்றமின் டி குறைபாட்டின் அடையாளங்களாகவும் இருக்கின்றன. அது கண்டுபிடிக்கப்பட்டால் அதிகச் செலவின்றித் திருத்தக்கூடிய குறை என்பதால், வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடுவது எனக்கு எப்போதும் மனத்தாங்கலைத் தருகிறது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் எழும் கேள்வி, "இந்த வெயிலுக்குள் கிடக்கிற எங்களுக்கு அது எப்படிக் குறையும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னர் இந்த விற்றமின் உடலில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரணைமடுக் குளம் வான் பாயும் அளவுக்கு நிறைந்திருந்தாலும் துருசு திறக்கப்படாவிட்டால் வாய்க்காலில் நீர் வராது. வயல் வெடித்துத்தான் கிடக்கும். நாம் உண்ணும் பாலிலும், குரக்கனிலும், நெத்தலி முள்ளிலும் உள்ள கல்சியத்துக்கும் எலும்புக்கும் இடையில் அப்படி ஒரு துருசு குடலில் இருக்கிறது. அதைத் திறந்துவிடும் வேலையை விற்றமின் டி செய்கிறது. உடலில் அது போதிய அளவு இருந்தால் உணவிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 வீதம்வரை குடல் உறிஞ்சிக்கொள்ளும். இல்லாவிட்டால் 10 முதல் 15 வீதமே உள்ளே போகும், மிச்சம் வீணாகக் கழிந்துவிடும். ஆனால் இதயம் துடிக்கவும் தசைகள் இயங்கவும் இரத்தத்தில் கல்சியம் ஒரு குறித்த அளவில் இருந்தே ஆகவேண்டும். எனவே கழுத்திலுள்ள பரதைரொயிட் சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பில் சேமித்து வைத்திருப்பதைக் கரைத்து இரத்தத்துக்குக் கொண்டுவருகின்றன. இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாக இருக்கும் அதே வேளையில் எலும்பு மெல்ல மெல்ல மென்மையாகிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த நிலை வளரும் பிள்ளைக்கு ஏற்பட்டால் கால்கள் வில்போல் வளையும், மணிக்கட்டு தடிக்கும், நடை பிந்தும். இதை ரிக்கெற்ஸ் என்பர். வளர்ந்தவரில் எலும்பின் உருவம் மாறாது, ஆனால் எலும்பு இறுகாமல் மென்மையாகி உளைவெடுக்கும். தொழிற்சாலைப் புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் ரிக்கெற்ஸ் ஒரு காலத்தில் பெருந்தொகையான பிள்ளைகளைப் பிடித்திருந்தது. 1919ஆம் ஆண்டில் பேர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர் புறஊதா விளக்கின் ஒளியைப் பிள்ளைகளின் உடலில் படவிட்டு அதனைக் குணமாக்கிக் காட்டினார். அதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி, நாய்க்குட்டிகளில் உணவால் அந்த நோயை உண்டாக்கி, கொட் மீன் ஈரல் எண்ணெயால் தடுத்துக் காட்டினார். ஒளியால் கிடைப்பதும் எண்ணெயால் கிடைப்பதும் ஒரே வேலையைச் செய்யும் பொருள் என்பது பின்னர்தான் விளங்கியது. 1922ஆம் ஆண்டில் எல்மர் மக்கொலம் அதற்கு விற்றமின் டி என்ற பெயரை வைத்தார்.

இனி வெயிலுக்கு வருவோம். சூரிய ஒளியிலுள்ள புறஊதா பி கதிர் தோலில் நேரடியாகப் படும்போது, தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் விற்றமின் டி3 ஆக மாறுகிறது. நாம் வாழும் வன்னி மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால் அந்தக் கதிருக்கு ஆண்டு முழுவதும் இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம் அது தோலில் படுவதில்தான். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடும். ஆகவே பேருந்தின் கண்ணாடியோரம் வெயிலில் இருந்து வவுனியாவுக்குப் போய்வந்தால் வேர்க்குமே தவிர விற்றமின் கிடைக்காது. துணியும் தடுக்கும். நமது தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனின், வெயிலின் தீங்கிலிருந்து நம்மைக் காப்பதுபோலவே இந்தக் கதிரையும் மறித்துக்கொள்வதால், வெள்ளைத் தோலினருக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது.

இன்னொன்றையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. "காலை இளவெயில்தான் விற்றமினுக்கு நல்லது" என்று பல வீடுகளில் குழந்தையை ஆறரை, ஏழு மணிக்கு முற்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதமான வெயில் என்பது உண்மை, ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும்போது புறஊதா பி கதிர் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். நமது நிழல் நமது உயரத்தைவிடக் கட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது போதிய அளவில் தரைக்கு வருகிறது. வளர்ந்த ஒருவர் அந்த நேரத்தில் கையும் காலும் தெரியக் கிழமையில் சில நாள்கள் கொஞ்ச நேரம் வெளியில் நடமாடினால் பெரும்பாலும் போதும். தோல் எரியும்வரை நிற்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை மட்டும் உச்சி வெயிலில் கிடத்தக் கூடாது.

இப்போது ஊரை ஒருமுறை மனதில் சுற்றிவந்தால் யாருக்குக் குறையும் என்பது தானாகவே தெரியவரும். தைத்த ஆடை அடுக்கும் தொழிற்சாலைக்கு விடிய முதல் பேருந்தில் ஏறிப் பொழுதுபட்டபின் திரும்பும் பிள்ளை, கச்சேரியில் கணினிக்கு முன்னால் இருக்கும் உத்தியோகத்தர், வெயிலுக்குப் பயந்து நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு, பத்து மணிக்குள் வயல் வேலையை முடித்துக்கொண்டு வரும் விவசாயி, உடலை மூடி உடுத்தும் பெண்கள், படுக்கையிலிருக்கும் முதியவர் ஆகியோரை நாம் அன்றாடம் காண்கிறோம். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் காலத்தைக் கழிப்பவர்கள் நமது மண்ணில் இருக்கிறார்கள். அசைவு குறைந்ததால் எலும்பு ஏற்கெனவே தேயும் அவர்களுக்கு வெயிலும் கிடைக்காவிட்டால் குறை இரட்டிப்பாகிறது. இவர்களையெல்லாம் "வெயிலில் போய் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு விடமுடியாது. உணவையும் குளிசையையும் பற்றிப் பேசவேண்டிய தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும்? விற்றமின் டியைச் சர்வதேச அலகு என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். பெட்டிகளில் இதன் ஆங்கில எழுத்துகளான ஐ.யு. என்பது இருக்கும், சிலவற்றில் மைக்கிரோகிராம் என்று போட்டிருப்பார்கள், 1 மைக்கிரோகிராம் 40 அலகுக்குச் சமம். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2010இல் வகுத்த அளவுகளை உலகின் பல பகுதிகளில் கைக்கொள்கிறார்கள். அதன்படி ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 400 அலகு, 1 முதல் 70 வயதுவரை 600 அலகு, அதற்கு மேல் 800 அலகு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதே 600தான். வெயில் அதிகம் படாதவர் என்று வைத்துக்கொண்டே இந்த அளவுகளைக் கணித்திருக்கிறார்கள்.

இந்த 600ஐ மனதில் வைத்துக்கொண்டு நமது ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போம். காலையில் பாணும் சம்பலும், அல்லது இடியப்பமும் சொதியும்: கிடைப்பது பூச்சியம் என்றே சொல்லலாம். மதியம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை: மீண்டும் பூச்சியம். இரவு புட்டு. முருங்கையிலையும், குரக்கனும், எள்ளும் எலும்புக்கு நல்லவை என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மை, ஏனென்றால் அவற்றில் கல்சியம் நிறைய இருக்கிறது. ஆனால் விற்றமின் டி அவற்றில் இல்லை. குளத்தை நிரப்புவது அவற்றின் வேலை, துருசைத் திறப்பது அவற்றால் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

முட்டை ஒன்றில் 40 அலகுக்குச் சற்று அதிகம் இருக்கிறது, அதுவும் மஞ்சட் கருவில் மட்டுமே. வெள்ளைக்கருவை மட்டும் கொடுத்து மஞ்சளை ஒதுக்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். இனி மீன். கொழுப்புள்ள கடல்மீன்களில்தான் இயற்கையாகவே இந்த விற்றமின் நன்றாக இருக்கிறது, ஏனெனில் இது கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். முல்லைத்தீவுக் கரைவலையில் படும் சாளையும், கும்பளாவும், சூரையும் இந்த வகையில் நமக்குக் கிடைத்த செல்வங்கள். மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் அளவு மாறும் என்பதால் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. ஆயினும் அமெரிக்க உணவு அட்டவணையில் ரின்னில் அடைத்த சாளைக்கு 100 கிராமுக்கு 190 அலகு அளவிலும், நமது கடைகளில் அதிகம் விற்கும் மக்கரல் வகை ரின் மீனுக்கு 290 அலகு அளவிலும் தரப்பட்டிருக்கின்றன. பெரிய ரின் ஒன்றை வடித்தால் ஏறத்தாழ 280 கிராம் மீன் இருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அதை ஒரு கறியாக்கினால் ஆளுக்கு 55 கிராம், அதாவது ஏறத்தாழ 160 அலகு கிடைக்கும். ஒரு நாள் தேவையில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மரக்கறிச் சாப்பாட்டின் பூச்சியத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

சமைக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. மீனை எண்ணெயில் ஆழப் பொரித்தால் அதன் கொழுப்போடு விற்றமினில் ஒரு பகுதியும் எண்ணெயில் இறங்கிவிடும். குழம்பாக வைத்தால் இறங்கியதும் குழம்பிலேயே நின்று சோற்றோடு நமக்குள் வந்துவிடுகிறது. சிறிய சாளையையும் நெத்தலியையும் முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கூடவே கிடைக்கும். கருவாட்டைத் தினமும் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, உப்பின் காரணமாக, குறிப்பாக இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன்.

மீன் தொடாதவர்கள் என்ன செய்வது? ஆண்டு முழுவதும் சைவம் உண்போர் ஒருபுறமிருக்க, வெள்ளிக்கிழமை, புரட்டாதிச் சனி, நவராத்திரி, கந்தசஷ்டி, வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்று மீன்சட்டி கவிழ்த்து வைக்கப்படும் நாள்கள் நமது நாட்காட்டியில் கொஞ்சநஞ்சமல்ல. பசும்பாலிலும் தயிரிலும் கல்சியம் தாராளம், ஆனால் விற்றமின் டியைத் தனியாகச் சேர்க்காத பாலில் அது மிகக் குறைவு. கடைப் பால்மாக்களிலும் சோயாப் பால்களிலும் சிலவற்றில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பொதியின் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் தெரியும். அங்கே "ஒரு பரிமாறல்" என்று போட்டிருப்பது ஒரு முழுக் குவளை பால் கரைக்கும் அளவு மா என்பதையும், நாம் தேத்தண்ணிக்குப் போடும் ஒரு கரண்டி அதில் சிறு பங்குதான் என்பதையும் மறக்கக்கூடாது. தாவரப் பக்கத்தில் உருப்படியாகச் சொல்லக்கூடியது காளான் ஒன்றுதான். கடையில் வாங்கிய காளானைப் பிளந்து, மடிப்புப் பக்கம் மேலே இருக்க, நண்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் பரப்பிவைத்தால், நமது தோலில் நடப்பதுபோன்ற மாற்றம் அதிலும் நடந்து விற்றமின் டி2 உண்டாகிறது. மாரி மழைக்கு வளவில் முளைக்கும் காளானை வகை தெரியாமல் பறித்துச் சமைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால் அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மீனெண்ணெயைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. கொட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 450 அலகு விற்றமின் டி இருக்கிறது. ஒமேகா 3 என்று விற்கும் சாதாரண மீனெண்ணெய்க் குளிசையில், தனியாகச் சேர்த்திருந்தாலன்றி, சொல்லக்கூடிய அளவு இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏயும் மிக அதிகம் இருப்பதாலும், அது கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், கர்ப்பிணிகள் அதனைத் தாமாக எடுக்கக்கூடாது.

இப்படிக் கூட்டிப் பார்க்கும்போது, கிழமையில் மூன்று நாள் மீனும் நாளுக்கொரு முட்டையும் சாப்பிடும் வீட்டில்கூட உணவால் மட்டும் 600ஐ எட்டுவது கடினம் என்பது தெரிகிறது. ஓரளவு வெயிலும் ஓரளவு மீனும் சேர்ந்து பெரும்பாலானோரைத் தாங்கிக்கொள்ளும். வெயில் இல்லாதவர், மீனும் இல்லாதவர், எழுபதைக் கடந்தவர் ஆகியோருக்குக் குளிசை தேவைப்படுகிறது. வலிப்புக்காகப் பெனிற்ரொயின், காபமசெபின் போன்ற மருந்துகளை நெடுங்காலம் எடுப்பவர்களையும், காசநோய்க்கு றிபாம்பிசின் எடுப்பவர்களையும் இவர்களோடு சேர்க்கவேண்டும், ஏனெனில் அந்த மருந்துகள் உடலிலுள்ள விற்றமின் டியை விரைவாகச் சிதைக்கின்றன. அவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் இதைக் கேட்கவேண்டும்.

குளிசை வாங்கும்போது டி3 என்று இருப்பதை எடுப்பது நல்லது; டி2வும் பயன்தரும், ஆனால் டி3 இரத்த அளவைக் கூடுதலாக உயர்த்தி நிலைநிறுத்துகிறது. வெறும் வயிற்றில் எடுப்பதைவிட, தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்ந்த மதியச் சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். கல்சியக் குளிசை வேறு, விற்றமின் டி வேறு. சிலவற்றில் இரண்டும் சேர்ந்திருக்கும், சிலவற்றில் கல்சியம் மட்டுமே இருக்கும். ஆகவே "எலும்புக்குக் குளிசை எடுக்கிறேன்" என்று இருந்துவிடாமல் பெட்டியிலுள்ள எண்ணைப் பார்க்கவேண்டும். நாளாந்தம் எடுப்பதற்கு 400, 800, 1000 அலகுகள் உள்ளவை பொதுவானவை.

அந்த எண்ணைப் பார்க்காததால் என் சின்னம்மாவுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். அவருக்கு 50,000 அலகு கொண்ட குளிசையைக் கிழமைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாங்கிய இடத்தில் ஒரு சிறு கடதாசி உறையில் போட்டு, மேலே "1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அவர் மற்றக் குளிசைகளைப்போல அதையும் தினமும் ஒன்றாக விழுங்கி, முடிய முடியத் திரும்ப வாங்கி வந்தார். சில கிழமைகளில் சாப்பாடு பிடிக்கவில்லை, ஓங்காளித்தார், ஓயாத தாகம், இரவில் நாலைந்து தரம் எழும்பிச் சிறுநீர் கழித்தார், மலச்சிக்கல் வேறு. எல்லோரும் சீனி வருத்தம் என்று நினைத்தோம். இரத்தத்தில் கல்சியம் ஏறியிருந்தது பரிசோதனையில்தான் தெரிந்தது. நீரில் கரையும் விற்றமின்களில் மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும்; டி அப்படியல்ல, கொழுப்பில் மாதக்கணக்காகத் தங்கும். வெயிலால் இந்த ஆபத்து வராது, ஏனென்றால் அளவு கூடினால் தோலே மிச்சத்தைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. குளிசைக்கு அந்தக் காவல் இல்லை.

வைத்தியர் கண்காணிப்பின்றி ஒன்பது வயதுக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்கு 4000 அலகைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. "ஒரேயடியாகப் பெரிய அளவாகப் போட்டுவிட்டால் ஆண்டு முழுக்கத் தொல்லையில்லை" என்ற எண்ணமும் சரியல்ல. அவுஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. மருந்தில்லாத குளிசை எடுத்தவர்களைவிட, அதை எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள், அதிகம் எலும்பு முறிந்தார்கள்.

வன்னியில் இதற்கும் மேலான ஒரு கவனம் வேண்டும். தோலிலிருந்தோ உணவிலிருந்தோ வரும் விற்றமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. முதலில் ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றப்பட்ட பிறகே முழு வலிமை பெறுகிறது. வவுனியாவின் விவசாயக் கிராமங்கள் பலவற்றில், சீனி வருத்தமோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களைக்கூட, காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வாட்டி வருவதை நாம் அறிவோம். சிறுநீரகம் பழுதானவருக்குக் கடைசி மாற்றம் நடப்பதில்லை. அவருக்கு அல்பகல்சிடோல், கல்சிற்ரியோல் என்ற தயார்நிலை வடிவங்கள் தேவைப்படலாம். அவை சாதாரண விற்றமின் குளிசையைவிடப் பலமடங்கு வீரியமானவை. ஆகவே சிறுநீரக நோயாளியும், சிறுநீரகக் கல் வந்தவரும், பக்கத்து வீட்டாருக்குச் சுகம் தந்தது என்பதற்காக அதே குளிசையை வாங்கிப் போடக்கூடாது.

இரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் அவசியமல்ல. 2024இல் அமெரிக்காவின் அகஞ்சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலும், நலமாக இருக்கும் வளர்ந்தவர்களுக்கு வழமையாக அதைச் செய்யவேண்டியதில்லை என்கிறது. எலும்பு உளைவு, அடிக்கடி முறிவு, மேலே சொன்ன மருந்துகள் போன்ற காரணங்கள் இருந்தால் செய்யலாம். அறிக்கையில் 20 நனோகிராம், மில்லிலீற்றருக்கு, என்றால் போதுமானது. சில ஆய்வுகூடங்கள் இதையே 50 நனோமோல், லீற்றருக்கு, என்று தரும். அலகைப் பார்க்காமல் 50ஐயும் 20ஐயும் ஒப்பிட்டுப் பயப்படவோ மகிழவோ வேண்டாம். புற்றுநோய், மாரடைப்பு எல்லாம் இதனால் வராது என்று விற்பவர் சொன்னாலும் நம்பவேண்டாம்: குறைபாடில்லாதோர் பெரும்பான்மையாக இருந்த 25,000க்கும் அதிகமானவர்களிடம் நாளுக்கு 2000 அலகு கொடுத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் அப்படியொரு பலன் தெரியவில்லை.

கடைசியாகக் கைக்குழந்தைகள். தாய்ப்பாலைப்போன்ற உணவு வேறில்லை, ஆனால் அதில் விற்றமின் டி குறைவு. இதனால் பல நாடுகளில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு துளிமருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் குழந்தைக்கு வேண்டுமா என்பதை வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ கேளுங்கள். கொடுக்கச் சொன்னால் போத்தலைக் கையில் எடுத்து அவருக்கு முன்னாலேயே ஒருமுறை அளந்து காட்டுங்கள். ஒரு போத்தலில் 400 அலகு ஒரு மில்லிலீற்றரில் இருக்கும், இன்னொன்றில் அதே 400 ஒரேயொரு துளிக்குள் இருக்கும். பழைய போத்தலின் துளிக்குழாயைப் புதியதற்குப் போட்டால் இருபது, முப்பது மடங்கு கூடிவிடலாம். ஒவ்வொரு போத்தலுக்கும் அதனோடு வந்த துளிக்குழாயையே பாவியுங்கள், போத்தல் முடிந்ததும் குழாயையும் சேர்த்தே எறிந்துவிடுங்கள்.